சந்தைக்குப் போனவள்

மூளை முதுமை ஆய்வுக்காக ஆரியங்கோட்டுக்கு வந்த லிஷாவிடம், சஜன் வாசலிலேயே குரலைத் தாழ்த்தினான்.

“அப்பாக்கு ஒண்ணும் ஞாபகத்துல நிக்காது. தெனமும் அம்மை எங்கன்னு கேக்கும். காட்டாக்கடை சந்தைக்குப் போயிருக்குன்னு சொன்னா, மறுபடியும் கேக்கும்.”

அவனுடைய அம்மாவின் புதுக் கல்லறையை ரப்பர் மரங்களுக்கிடையே பார்த்துவிட்டுத்தான் லிஷா வந்திருந்தாள்.

“நல்லதுதான் அண்ணா. அப்படியே சொல்லுங்க,” என்றாள். இப்படியொரு மகன் யாருக்கு வாய்ப்பான்?

சஜன் சாயா போடப் போனதும் ஞாபகச் சோதனையைத் தொடங்கினாள். அவனுடைய அப்பா செல்லையன் எந்தக் கேள்விக்கும் பிசகவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அம்மை எங்க?”

“ஓணத்துக்கு முந்தி அடக்கம் பண்ணியாச்சு மக்கா.”

“பின்ன ஏன் தெனமும் கேக்கிறீங்க?”

“எனக்கு மறதின்னு நடிச்சாத்தான் நீங்கெல்லாம் வீடு தேடி வருவிய. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கான்.”

“யாரு?”

சஜன் தட்டோடு வந்தான். அவளுக்கு ஒரு டம்ளரும் அப்பாவுக்கு ஒன்றும் கொடுத்து, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான். நான்காவது டம்ளரை மட்டும் ஆறிப்போகாமல் மூடி வைத்தான்.

“அம்மைக்காக்கும். சந்தையில இருந்து இப்பம் வந்துரும்.”