சமையல் கூடாரம்

முதல் வேலையாக விளக்கைச் சுட்டு அணைத்தான்.

திரையில் முகாமின் ஒரு பக்கம் இருண்டது. காவலாளி ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி நடந்தான். எந்த கேம் ஆடினாலும் இவன் இப்படித்தான். வெளிச்சத்தில் கால் வைக்க மாட்டான். குனிந்தே போவான், குனிந்தே வருவான். அதற்கு நெட்டில் லைவாகப் பார்த்துக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு.

"மக்களே, இது கேமே இல்ல. அடுத்து வரப்போற கேமுக்கு ஒரு முன்கதை. நாக்குல லேசா தடவி விட்ருக்கானுங்க, அவ்வளவுதான்."

பக்கத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்கு எட்டாத பக்கம்.

அந்த முன்கதையில் அவளுக்கும் பங்குண்டு. கேமைத் தயாரித்த, எங்கோ இருக்கிற கம்பெனி, முகாமை வரையும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஊர் ஊருக்குக் கொடுத்திருந்தது. அவள் வேலை பார்த்த இடத்துக்கு வந்தது காவலாளிகளின் சமையல் கூடாரம். கரி பிடித்த கெட்டில், பாதி நறுக்கிய வெங்காயம், கொடியில் காயாத பனியன். எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் செய்தவை. கழுத்து வலியோடு மாதக்கணக்கில் செய்தாள்.

அவனிடம் சொல்லியிருந்தாள். "ஓ, பேக்ரவுண்டா?" என்றான், போனைப் பார்த்தபடி.

கூடாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதன் பின்பக்கமாகவே ஊர்ந்து, மீட்க வேண்டிய கைதியைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் ஏறினான். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரிய கெட்டிக்காரன்.

"அந்தக் கூடாரத்துக்குள்ள ஒரு தடவ போயேன்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு? வேணும்னா நீ போ." கன்ட்ரோலரை அவள் மடியில் போட்டான். "மக்களே, வீட்டம்மா ஆடுறாங்க. சிரிக்காதீங்க."

மறுபடி முதலிலிருந்து.

அவள் விளக்கைச் சுடவில்லை. நிமிர்ந்து நடந்தாள்.

சைரன் அலறியது.

"குனி! ஏய், குனி! மானத்த வாங்காத!"

குனியவில்லை. கூடாரத்துக்குள் போய், அடுப்போரம் கவிழ்ந்து கிடந்த ரப்பர் செருப்பின் முன் நின்றாள். பிய்ந்த வாரில் ஓர் ஊக்கு. பெசன்ட் நகர் மணலில் அவன் செருப்பு பிய்ந்த அன்று, துப்பட்டாவிலிருந்து கழற்றி அவளே குத்திவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால். கம்பெனிக்குத் தெரியாமல் அதே செருப்பைச் செய்து இங்கே வைத்திருந்தாள். பார்த்ததும் அவனுக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி.

குண்டு பாய்ந்தது. திரையில் அவளுடைய வீரன் செருப்புக்குப் பக்கத்திலேயே சாய்ந்தான்.

லைவில் கேலி கொட்டியது. நடுவில் யாரோ எழுதியிருந்ததை அவன் சத்தமாக வாசித்தான்.

"'அந்தச் செருப்புல ஊக்கு குத்தியிருக்கு, கவனிச்சீங்களா ப்ரோ? யாரோ நம்மாளுதான் செஞ்சிருக்கணும்.' டேய், செருப்பையெல்லாமாடா உக்காந்து பாப்பீங்க? வேற வேலையே இல்லியா?"

விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுபடி ஆரம்பிக்கலாமா என்று திரை கேட்டது.

அவள் வேண்டாம் என்பதை அழுத்தினாள்.