நடு ஆற்றில் செங்கமலம்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு சுவரிலே, ஒரே ஒரு பல்லி இருந்ததாம். அதற்குக் கதை என்றால் உயிர். அலமாரி மேலிருந்த ரேடியோ, பழைய நாவலாசிரியர் கொழுந்தையாவின் நூற்றாண்டு என்று அவர் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தது. செங்கமலம் ஏறிய பரிசல் நடு ஆற்றுச் சுழலில் மாட்டிக்கொண்டதும் கதையை நிறுத்திவிட்டது.

"ஆகா, என்ன எழுத்து! அவர் பிடித்த குடைக்கே ஒரு மகிமை உண்டு!"

"அண்ணே, செங்கமலம் கரை சேர்ந்தாளா?"

"சொல்கிறேன் பல்லியாரே. அதற்கு முன்னால் அவருடைய மூக்குப்பொடி டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை..."

பொறுக்கமாட்டாமல் பல்லி 'ச்சு ச்சு' என்று உச்சுக் கொட்டியது.

"கேட்டீர்களா நேயர்களே! நான் சொன்னது சத்தியம் என்று பல்லியே சொல்லிவிட்டது!" பூரித்துப்போன ரேடியோ, டப்பாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியது.

"அவள் அங்கே தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கா, நீ டப்பாவைத் துடைச்சிக்கிட்டு இரு!"

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ அதே கதையைப் பிள்ளைக்கு வாசிப்பது கேட்டது. பல்லி தன் வாலை ரேடியோவுக்கு எதிரே உதறிப் போட்டது. வால் துடிதுடித்து ஆடியது.

"அடடா, என்னமாய்த் தலையாட்டுகிறீர்கள் பல்லியாரே! அப்புறம், அவருடைய செருப்பு இருக்கிறதே..."

பல்லி திரும்பிப் பார்க்காமல் எதிர்வீட்டைப் பார்த்து நடந்தது.