கைப்பையின் ஜிப்

கல் குவாரியில் திலகா கேட்டது ஒரே கேள்விதான்: “நாளைக்கு உங்க பேங்க்கை மூடிட்டா என்ன செய்வீங்க?” வங்கிகள் எதனால் கவிழ்கின்றன என்ற ஆராய்ச்சிக்காகக் கேட்டாள். கல்லுடைப்பவர்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். மதியத்துக்குள் கூட்டுறவு வங்கி வாசலில் பணம் எடுக்க வந்தவர்களின் வரிசை சாலைவரை நீண்டிருந்தது.

“பேங்க்குக்கு ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் கேட்டேன்,” என்றாள்.

“வேகாத வெயில்ல மலையேறி வந்து சும்மா கேப்பாகளா தாயி?” என்றார் கல்லுடைக்கும் இருளாண்டி. வரிசை சிரித்தது, நகரவில்லை.

மேனேஜர் வேர்த்து வடிய வெளியே வந்தார். இப்படியே எடுத்தால் சாயங்காலம் நிஜமாகவே மூட வேண்டியதுதான். “நீங்க வச்ச தீ மேடம். இவங்க பாக்க உங்க பணத்தை இங்க போடுங்க. கலைஞ்சிருவாங்க.”

கைப்பையில் விடுதிக்குக் கட்ட வேண்டிய பணம் இருந்தது. அதைவிட்டால் வேறில்லை. இந்த வங்கி திடமானது என்று போன வாரம்தான் அறிக்கையில் எழுதியிருந்தாள். ஜிப்பில் விரலை வைத்தாள். வரிசையின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள்.

“போடு தாயி. நாங்க வேலைக்குப் போயிர்றோம்,” என்றார் இருளாண்டி.

விரல் ஜிப்பிலேயே இருந்தது. வரிசை மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.