மாமனாரின் வேட்டி

உடும்பஞ்சோலை ஸ்டுடியோவின் ஜன்னல் கண்ணாடியில் பனி வழிகிறது. ஜின்சன் எங்கள் கல்யாண நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, கேமராவில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் நிறத்தைப் புரட்டிப் போடுகிறான். வீட்டிலிருந்த போட்டோவை மழை ஈரம் தின்றுவிட்டது. என் மனைவி செபமாலைக்கு அவள் அப்பாவின் முகம் இனி இதில் மட்டும்தான். திரையில் எல்லாரும் பச்சையாக நிற்கிறோம். "அன்னைக்கு வெள்ளையா இருந்தது எதுண்ணே? அத வச்சுத்தான் கலர நேராக்கணும்." "மாமனார் வேட்டி," என்கிறேன். அவன் மவுஸ் அம்பால் வேட்டியைத் தொட்டதும் மாமனாருக்குக் காமாலை கண்டுவிடுகிறது. செபமாலை என் விலாவில் இடிக்கிறாள். "அதுவா வெள்ள? மக கல்யாணம்னு எங்கப்பா சொட்டு நீலத்தக் கவுத்துல்லா முக்குனாரு! தம்பி, எம் முக்காட்டத் தொடு, அது புதுசு." ஜின்சன் தொடுகிறான். வேட்டி வானம்போல் நீலமாகிறது. அதற்கு மேலே அவர் முகம், அதே கறுப்பு, நெற்றியில் அதே எண்ணெய் மினுக்கம். அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்கிறாள். "வேட்டிய மட்டும் வெளுத்துரட்டாக்கா?" "சும்மா இருய்யா. அவரு தொவச்ச துணிய நீ எதுக்கு மறுபடி தொவைக்க?"