முட்டுகிற மீன்

"சாயங்காலமானா போதும், எங்க கடல் மீன் போய்ப் போய்த் தொட்டிக் கண்ணாடியில முட்டுது. டொக் டொக்னு ஒரே சத்தம்" என்றாள் அவள் போனில்.

"தண்ணியில உப்பு, சூடு எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார் மீன் கடைக்காரர்.

"பக்கத்து வீட்டம்மா பார்த்தாங்க. சரியாத்தான் இருக்காம்."

"எத்தனை நாளா முட்டுது?"

"ஒரு மாசமா."

"ரூம் லைட்டைப் போடுறது இல்லையா? தொட்டி விளக்கு தானா எரியும். வெளியே இருட்டா இருந்தா கண்ணாடியில அதோட உருவமே அதுக்குத் தெரியும். வேற மீன் வந்துடுச்சுன்னு மிரண்டு முட்டும். லைட்டைப் போடுங்க, அடங்கிடும்."

"லைட் போடுறதெல்லாம் வீட்டுக்காரர்தான். அவர் தவறி ஒரு மாசம் ஆச்சு. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லைங்க. நான் ஒருத்திதானே, எனக்கு எதுக்கு லைட்டுன்னு விட்டுட்டேன்."

"சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?"

"தேடிப் பார்க்கிறேன்."

சுவரைத் தடவித் தடவிப் போய், கைக்கு அகப்பட்ட சுவிட்சைத் தட்டினாள். எதையும் கணவரிடம் கேட்டே பழகியவள், அவர் உட்காரும் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எரியுதா?"