கடைசி பெஞ்சுக்கு வந்த பதில்

'கடைசி பெஞ்ச்' எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருந்தது.

பெயர்தான் கடைசி பெஞ்ச். எழுதியவள் ஐந்தாம் வகுப்பிலிருந்து முதல் பெஞ்சை விட்டு நகராதவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வகுப்பில் எவளும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று அப்படி ஒரு பெயர். போதாததற்கு இடது கையால் எழுத்து.

பள்ளி நூலக வாசலில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 'மனம் விட்டு எழுதுங்கள்' என்று அதன்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் அழுமூஞ்சிப் பெட்டி. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் தினமும் மதியம் அதைத் திறப்பார். வியாழக்கிழமை காலையில் பதில்களைப் பக்கத்துப் பலகையில் குத்தி வைப்பார்.

இடைவேளை மணி அடித்ததும் அவள் ஓடவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி நடந்து வந்து, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்து, நிமிரும்போது படித்தாள்.

'அன்பு மகளே' என்று ஆரம்பித்திருந்தது.

கண் அங்கேயே நின்றுவிட்டது. மேடம் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் எழுதுவார். அது தெரிந்தும் நின்றது.

அவள் இரண்டு பக்கம் எழுதிப் போட்டிருந்தாள். விடிவதற்குள் ஒரு டியூஷன், சாயங்காலம் இரண்டு. படுத்தால் தூக்கம் வருவதில்லை, உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. போன வாரம் கணக்குப் பரீட்சையில் வினாத்தாளைப் பார்த்ததும் கை மரத்துப் போயிற்று. பெயரை மட்டும் எழுதிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மதிப்பெண் வரப்போகிறது. வீட்டில் என்னவென்று சொல்வது?

ஃபிரிட்ஜ் கதவில் அம்மா ஒட்டி வைத்திருக்கும் அட்டவணையைக்கூடக் கடிதத்தில் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடம் கறுப்பு, டியூஷன் நீலம், சாப்பாட்டுக்குப் பச்சையில் இருபது நிமிஷம்.

'நீ சோம்பேறி இல்லை. களைத்துப் போயிருக்கிறாய், அவ்வளவுதான்' என்று மேடம் எழுதியிருந்தார். அந்த வரியை அவள் நான்கு தடவை படித்தாள். மதிப்பெண் போனால் போகட்டும், மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்த வரி சொன்னது. அவளிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது. 'இன்றைக்கே உன் அம்மாவிடம் சொல். எந்த அம்மாவும் புரிந்துகொள்வாள்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பின்னாலிருந்து எட்டிப் படித்துக்கொண்டிருந்த தோழி பெருமூச்சு விட்டு, முழங்கையால் அவளை இடித்தாள்.

"உனக்கென்னடி, கொடுத்து வச்சவ! இந்த மேடம் உனக்கு அம்மாவாவே கிடைச்சிருக்காங்க."

அவள் தலையாட்டி வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அவளும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், அது அம்மா போட்ட சட்டம். வீட்டில் அம்மா என்று கூப்பிடத் தடையில்லை.

நேற்று மாலை கூப்பிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "ரெண்டு நிமிஷம் இருடி. இங்க ஒரு பொண்ணு, பாவம், ரொம்ப நொந்து போயிருக்கா. அவளுக்கு எழுதி முடிச்சிட்டு வரேன். நீ போய் கணக்கை எடுத்து வை."

அம்மாவின் கையில் இருந்தது அவளுடைய இரண்டு பக்கம்.

போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். அந்த முகத்தோடு அம்மா தன்னைப் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

கையெழுத்தைத்தான் மறைத்திருந்தாள். வீட்டை மறைக்கவில்லை. ஊருக்குத் தெரியக் கூடாது, ஒருத்திக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றுதான் அந்த மூன்று கலரையும் மெனக்கெட்டு எழுதினாள். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது ஃபிரிட்ஜ். ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் போதும்.

தூக்கினாள். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். "ஏழாயிடுச்சு, இன்னும் இங்கயே நிக்கிறியா?" என்றாள்.

வகுப்புக்கு மணி அடித்தது. தோழி ஓடிவிட்டாள்.

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து, இடது கையால் எழுதினாள். 'மேடம், நீங்கள் சொன்னபடியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இப்போது நிம்மதியாக இருக்கிறது. மிக்க நன்றி. இப்படிக்கு, கடைசி பெஞ்ச்.'

நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

மதிப்பெண் வர இன்னும் ஒரு சாயங்காலம் பாக்கி இருந்தது. பெட்டியில் இப்படி நல்ல சேதி கிடைத்த நாட்களில் அம்மா வீட்டுக்கு வரும்போதே சந்தோஷமாக வருவாள். கணக்கு என்னாச்சு என்று கேட்க மறந்தாலும் மறந்துவிடுவாள்.