கட்டிலடிச் செருப்பு

அறுபத்துநாலாம் வருஷ மழைக்காலத்தில் மாதுங்கா டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "ஊசி கேக்கலை. முதுகுத்தண்டு நீர்ல புரோட்டீன் குறையவே இல்லை. உடம்பே தன் நரம்பை அரிச்சிண்டிருக்கு. இனிமே இவா நடக்கறது கஷ்டம்."

சூசைமாணிக்கம் மனைவி ஏஞ்சலம்மாளை முதுகில் சுமந்துகொண்டு தாராவிக்குத் திரும்பினான். அவள் கால்கள் மரத்துப்போய் ஒரு வருஷமாகிறது. ஆனால் கட்டிலடியில் கிடந்த அவளுடைய செருப்பு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. அவள் நடந்த காலத்தைப் போலவே வலது குதியின் வெளி ஓரம்தான் முதலில் தேய்ந்தது. தோல் பட்டறையில் வேலை பார்க்கும் அவனே இரண்டு தடவை அடித்தோல் மாற்றினான்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று அந்தச் செருப்பைப் பட்டறையில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் மாலை வழக்கம்போல் ஈரத்துணியால் அவள் பாதங்களைத் துடைத்தான். துணியில் கறுப்புச் சேறு ஒட்டி வந்தது. குதியில் ஒரு முள் இருந்தது. பிடுங்கியபோது அவளுக்கு வலிக்கவில்லை.

"என் செருப்ப எங்க கொண்டு போனிய?" என்றாள் களைப்பாக.

அடுத்த நாள் செருப்பு கட்டிலடிக்குத் திரும்பியது. அடியில் கூடுதலாக இன்னொரு தோல் வைத்துத் தைத்திருந்தான்.